வேக ஸ்கேட்டிங் ஓடும் பிள்ளைகளுக்குக் காயம் குறைய: கொழும்புப் பெற்றோருக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் ஒரு முழு வழிகாட்டி

என் மகன் கையை முறித்துக்கொண்டது ஓட்டத்தில் அல்ல. அன்று பின்னேரப் பயிற்சி முடிந்துவிட்டது. மணிக்கட்டுக் கவசங்களைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, "அம்மா, தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சில்லுச் சப்பாத்தோடேயே குழாயடிக்குப் போனான். குழாயைச் சுற்றி ஈரம். நடக்கிற வேகம்தான். கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தான். எழுந்து வந்து விரல்களை அசைத்துக் காட்டினான். "விரல் அசையுதுதானே, அப்ப முறியேல்ல" என்று சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். நானும்தான். மறுநாள் எக்ஸ்ரேயில் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் பயிற்சி இடத்தில் போய் உட்கார்ந்து யார், எப்போது, எங்கே விழுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். வேகமாக ஓடும்போது விழுகிற பிள்ளை பெரும்பாலும் தோல் உரசலோடு எழுந்து விடுகிறது. மோசமான காயங்கள் ஓரங்களில்தான் இருக்கின்றன: உடம்பு சூடாகாத முதல் சில நிமிடங்கள், களைத்துப்போன கடைசிக் கால் மணித்தியாலம், கவசம் கழன்ற பிறகு வரும் "இன்னும் ஒரு சுற்று". இந்த வழிகாட்டியும் அந்த ஓரங்களைச் சுற்றித்தான் போகிறது.

இங்கே நான் கதைப்பது சில்லுகளை ஒரே வரிசையில் வைத்த இன்லைன் வேக ஸ்கேட்டிங்கைப் பற்றி. பனிக்கட்டியில், 111.12 மீற்றர் சுற்றுப் பாதையில் ஓடும் ஷோர்ட் டிராக் வேறு உலகம். அங்கே கூரிய அலகால் வெட்டுப்படும் ஆபத்து இருப்பதால் கழுத்துக் கவசமும் வெட்டுப்படாத கையுறையும் கட்டாயம். அவர்களிடம் நாம் இரவல் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. அது முதல் படியிலேயே வருகிறது.

படி 1: இடத்தை முதலில் நடந்து பாருங்கள்

பந்தயத்துக்கென்று கட்டிய பாதையில் ஓடக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பாடசாலையின் கூடைப்பந்து மைதானம், ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும் வாகனத் தரிப்பிடம், ஏதாவது ஒரு மண்டபம். ஆகவே பயிற்சிக்குப் 15 நிமிடம் முன்பே போய், சாதாரணச் சப்பாத்தோடு முழுச் சுற்றையும் நடந்து பாருங்கள். கையில் தும்புத்தடி இருக்கட்டும். ஒரு சின்னக் கல் போதும், முன் சில்லு நிற்க. சில்லு நின்றாலும் பிள்ளை நிற்காது. காய்ந்த இலை, மணல், கான் மூடியின் இடைவெளி, சீமெந்துத் தளத்தின் மேடு, மைதானத்தில் பெயின்ற் அடித்த கோடுகள் எல்லாவற்றையும் பாருங்கள். தூசியோ ஈரமோ படிந்த பெயின்ற் கோடு எண்ணெய் ஊற்றிய மாதிரி வழுக்கும். மண்டபத்து மாபிள் தரை பார்க்க அழகாக இருக்கும், வேக ஓட்டத்துக்கு வேண்டாம்.

அடுத்தது, விழுந்த பிள்ளை எங்கே போய் மோதும் என்பது. வளைவில் கால் வழுக்கிய பிள்ளை வளைவோடு சேர்ந்து வளைந்து போவதில்லை. அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமே நேராக வெளியே போகும். அதனால்தான் ஷோர்ட் டிராக்கில் தடித்த மெத்தைகளைச் சுவரோரம் அடுக்கி வைக்கிறார்கள். நாமும் வளைவின் வெளிப்பக்கத்தில், குறிப்பாக வளைவு முடியும் இடத்தில், என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூடைப்பந்துக் கம்பமா? மதிலா? நிறுத்திய வானா? பழைய ஸ்பொன்ஜ் மெத்தையைக் கம்பத்தைச் சுற்றி இறுகக் கட்டுங்கள். மெத்தை இல்லாவிட்டால் பாதையைச் சுருக்கி, மதிலுக்கும் பாதைக்கும் இடையே நாலைந்து மீற்றர் வெற்றிடம் விடுங்கள். சுற்று சிறிதானால் வேகமும் தானாகக் குறையும். அது நல்லதுதான்.

பொது இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காலிமுகத்திடலில் பிள்ளைகளுக்கு ஓட ஆசை வருவது நியாயம். ஆனால் கடற்காற்று அள்ளி வரும் மணல், வடைக் கடைகளைச் சுற்றி நடமாட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டம் விடும் காலத்தில் கழுத்து உயரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் நூல். அங்கே மெதுவாக உருளலாம், நேரம் வைத்து ஓட வேண்டாம். சுதந்திர சதுக்கத்தில் நடக்க வரும் தாத்தா பாட்டிமாருக்கு நாம்தான் ஆபத்து. வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று மரைன் டிரைவில் ஓட விடும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் எந்த ஹெல்மெட்டும் உதவாது.

மழை: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. கொழும்பில் ஈரத் தரை வருடத்தில் பாதி. தரையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினால் அன்று சில்லு வேண்டாம். கூரைக்குக் கீழே குந்தி எழும்புதல், பக்கவாட்டுத் தாவல், தாழ்ந்த நிலையில் நிற்றல் என்று தரைப் பயிற்சி செய்யலாம். இடி கேட்டால் எல்லோரும் உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே.

படி 2: சப்பாத்தும் கவசமும்

"வளர்கிற பிள்ளைதானே" என்று பாடசாலைக் காற்சட்டையைப் பெரிதாகத் தைப்பது போல ஸ்கேட்டையும் இரண்டு அளவு பெரிதாக வாங்குகிறோம். காசைப் பார்த்தால் புரிகிறது. ஆனால் உள்ளே கால் ஆடினால் கணுக்கால் உள்பக்கம் சாயும், பிள்ளை அதைச் சமாளிக்க முழங்காலை வளைத்து ஓடும், அப்புறம் "முழங்கால் நோகுது" என்று வரும். மெல்லிய காலுறை ஒன்று மட்டும் போட்டுக் காலை உள்ளே விட்டு, முழங்காலை மடித்து நிற்கச் சொல்லுங்கள். பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொடலாம், குதிக்கால் மேலே எழும்பக் கூடாது. வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து பழையதை வாங்கி, நம்முடையதைக் கீழே உள்ளவர்களுக்குக் கைமாற்றுவது பெரிய அளவு வாங்குவதைவிட மலிவு.

பந்தய ஸ்கேட்டில் இரண்டு விஷயங்கள் இருக்காது: கணுக்காலைத் தாங்கும் உயர்ந்த கழுத்து, குதிக்காலில் பிரேக். நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுப்பது பிரேக் இல்லாத சைக்கிளைக் கொடுப்பதுதான். முதல் வருடம் கழுத்து உயர்ந்த, பிரேக் உள்ள சாதாரண இன்லைன், 80 மில்லிமீற்றர் அளவில் சில்லு. அதற்குப் பிறகு 90, 100. வளர்ந்தவர்கள் ஓடும் 110, 125 மில்லிமீற்றர் சில்லுகளுக்குச் சின்னப் பிள்ளை அவசரப்படத் தேவையில்லை. சில்லு பெரிதானால் கால் தரையிலிருந்து உயரும், அதைக் கட்டுப்படுத்தக் கணுக்காலில் பலம் வேண்டும்.

ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் நெற்றியை மூட வேண்டும். பக்கப் பட்டிகள் காதுக்குக் கீழே சேர வேண்டும், நாடிப் பட்டிக்குள் ஒரு விரல் மட்டும் போக வேண்டும். வாங்கும்போது உள்ளே ஈஎன் 1078 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் பொருந்தும் ஐரோப்பியத் தரம் அது. ஒருமுறை தலை பலமாக மோதிய ஹெல்மெட் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். அதை மாற்றியே ஆக வேண்டும். தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைக்காதீர்கள்.

மணிக்கட்டுக் கவசத்தில்தான் வீட்டில் சண்டை வரும். பெரிய போட்டிகளின் வீடியோவில் ஓட்டக்காரர்கள் ஹெல்மெட்டோடு மட்டும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அவங்க ஒருத்தரும் போடுறதில்லையே" என்பார்கள். அவர்கள் பல வருடம் விழுந்து பழகியவர்கள். அமெரிக்காவில் அவசர சிகிச்சைக்கு வந்த இன்லைன் ஸ்கேட்டர்களை வைத்து நடந்து, 1996இல் வெளியான ஓர் ஆய்வில், காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மணிக்கட்டில்தான். கவசம் போடாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் வரும் வாய்ப்பு பத்து மடங்கு அதிகம், முழங்கைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பயிற்சியில் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் மூன்றுக்கும் கவசம் போட வேண்டும். இதில் பேரம் இல்லை.

மாதம் இருமுறையாவது எலன் கீயோடு உட்கார்ந்து ஒவ்வொரு சில்லின் ஆணியையும் இறுக்கிப் பாருங்கள். சில்லு உள்பக்கம்தான் கூடத் தேயும். நான்கு சில்லு என்றால் 1ஐயும் 3ஐயும், 2ஐயும் 4ஐயும் இடம் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். கடலோரம் இருப்பவர்கள் பெயாரிங்கையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இனி என் மகன் கையை விலையாகக் கொடுத்து நாங்கள் படித்த விதி. போடும்போது கவசங்கள் முதலில், ஸ்கேட் கடைசியில். கழற்றும்போது ஸ்கேட் முதலில், கவசங்கள் கடைசியில். காலில் சில்லு இருக்கும் ஒரு நிமிடம்கூடத் தலையும் கையும் வெறுமையாக இருக்கக் கூடாது.

படி 3: விழப் பழக்குங்கள்

பிள்ளை முதன்முதலில் படிக்க வேண்டியது இதுதான். பெரும்பாலான இடங்களில் கடைசியில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், அல்லது தரையே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

முதலில் புல்லில், முழுக் கவசத்தோடு. முழங்காலை மடித்துத் தாழ்ந்து, முதலில் முழங்கால் கவசம், அப்புறம் முழங்கை, கடைசியில் மணிக்கட்டுக் கவசம் என்று முன்னோக்கிச் சறுக்கி விழச் சொல்லுங்கள். விரல்கள் மேலே தூக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருபவரின் சில்லு ஏறும். பத்து முறை விழுந்தால் சிரிப்பு வந்துவிடும், பயம் போய்விடும். அதற்குப் பிறகு மெதுவாக உருண்டுகொண்டே அதைச் செய்யட்டும்.

வேகமாக ஓடும் பிள்ளைக்கு இரண்டாவது வகை வேண்டும்: பக்கவாட்டில், பின்சதையிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் உட்கார்வது போல விழுந்து சறுக்குவது. நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், கைகள் உடம்போடு. ஏற்கெனவே தாழ்ந்து ஓடுகிற பிள்ளைக்குத் தரை கிட்ட இருப்பதால் இது சுலபம். நேராக நிமிர்ந்து ஓடும் பிள்ளைதான் கையை நீட்டும். நீட்டிய கை முழு உடம்பையும் தாங்கும்போதுதான் மணிக்கட்டும் முழங்கையும் உடைகின்றன. பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. அடி அங்கே பட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியையே பாதிக்கலாம். பெரியவர்களுக்கு வருகிற சுளுக்கு என்று பிள்ளையின் மணிக்கட்டு வீக்கத்தை நினைக்கக் கூடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 4: நிற்கத் தெரிந்த பிறகு வேகம்

மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 5.6 மீற்றர். பிள்ளை ஆபத்தைப் பார்த்து முடிவெடுப்பதற்குள் ஒரு ஆட்டோவின் நீளத்தைவிடக் கூடுதலாகப் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் சறுக்கி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். பிள்ளைகளிடம் இதை வாயால் சொல்லாமல் சோக்கால் கோடு போட்டுக் காட்டுங்கள்.

முதலில் இரண்டு குதிக்காலையும் அகட்டி, விரல்களை உள்ளே திருப்பி மெதுவாக நிற்பது. அதற்குப் பிறகு டி நிறுத்தம்: பாரம் முழுவதும் முன்காலில், பின்காலைக் குறுக்கே வைத்து மெதுவாக உரசுவது. பிள்ளைகள் செய்யும் தவறு, பயத்தில் பின்காலில் பாரத்தைப் போடுவது. அப்படிச் செய்தால் உடம்பு சுழன்று போய்ப் பின்பக்கம் விழும். பின்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் ஐந்து விநாடி உருளத் தெரியாத பிள்ளைக்கு இந்த நிறுத்தம் வராது. அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்கள் குழுவில் ஒரு சோதனை உண்டு. வழக்கமான வேகத்தில் வந்து, கோடு தாண்டியதும் 10 மீற்றருக்குள் விழாமல் நிற்க வேண்டும், தொடர்ந்து மூன்று முறை. நிற்காதவர் அடுத்த குழுவுக்குப் போக முடியாது, எவ்வளவு வேகமாக ஓடினாலும். ஒரு அப்பா இதற்காக என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை.

படி 5: கூட்டமாக ஓடுதல்

ஒன்பது வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பையனும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடக் கூடாது. இடம் குறைவு என்றால் நேரத்தைப் பிரியுங்கள். காத்திருப்பவர்கள் பாதைக்கு நடுவில் அல்ல, பாதைக்கு வெளியே ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எல்லோரும் ஒரே திசையில், இடப்புறமாகச் சுற்றுங்கள். முந்துவது வெளிப்பக்கத்தால் மட்டும். நின்று மூச்சு வாங்க வேண்டுமா, முதலில் பாதையை விட்டு வெளியே.

கொழும்பில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆபத்து வரும்போது ஒரு பிள்ளை "நில்லு" என்கிறது, இன்னொன்று சிங்களத்தில் "நவத்தன்ன" என்கிறது, மூன்றாவது ஆங்கிலத்தில் ஏதோ கத்துகிறது. அந்த அரை விநாடிக் குழப்பத்தில் மோதல் நடந்துவிடும். குழுவுக்கு ஒரே ஒரு சொல்லைத் தீர்மானியுங்கள். நாங்கள் "ஸ்டொப்" வைத்திருக்கிறோம். அந்தச் சொல் கேட்டால் எல்லோரும் தாழ்ந்து, தள்ளுவதை நிறுத்த வேண்டும். விளையாட்டுக்குக் கத்தினால் அன்று அவர் ஓட்டம் முடிந்தது.

ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓடும் வரிசைப் பயிற்சியை, நிற்கும் சோதனையில் தேறியவர்களுக்கே கொடுங்கள். பின்னால் வருபவர் முன்னவரின் காலைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்க வேண்டும். நெருங்கிவிட்டால் பிரேக் போடாமல், கையை நீட்டி முன்னவரின் இடுப்பை மெல்லத் தொட்டுத் தூரத்தைக் காக்கலாம். திடீரென்று நிமிர்வதுதான் வரிசையில் பெரிய குற்றம்.

படி 6: களைப்பு, வெயில், வளரும் உடம்பு

ஈரப்பதம் நிறைந்த கொழும்புக் காற்றில் வியர்வை காய்வதில்லை, அதனால் உடம்பும் குளிர்வதில்லை. காலை 8 மணிக்கு முன்போ பின்னேரம் 4.30க்குப் பிறகோ ஓடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர். தலைவலி, மயக்கம், ஓங்காளம் என்று சொன்னால் நிழலில் படுக்க வைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வையுங்கள். பேச்சுக் குழறினால் அது வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலை. 6 மணி சுமாருக்கு இருட்டத் தொடங்கும். வெளிச்சம் மங்கினால் வேகம் இல்லை.

பயிற்சியின் கடினமான பகுதியை நடுவில் வையுங்கள். கடைசி 15 நிமிடம் மெதுவாக ஓடி முடிக்கட்டும். நேரம் வைத்து ஓடும் சுற்றைக் கடைசியில் போடும் பயிற்றுவிப்பாளர்கள் இருக்கிறார்கள். சேர் கோபித்தாலும் பரவாயில்லை, இதைக் கேளுங்கள்.

பிள்ளையின் வயது எத்தனையோ, கிழமைக்கு அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே விளையாட்டில் பயிற்சி வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒரு கைக்கணக்கு. பத்து வயது என்றால் பத்து மணித்தியாலம் உச்சம். கிழமையில் ஒருநாளாவது முழு ஓய்வு. டியூசனுக்கும் பயிற்சிக்கும் நடுவில் நித்திரையை வெட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. நித்திரை குறைந்த பிள்ளை விழும்.

10 முதல் 15 வயதுக்குள், வேகமாக வளரும் காலத்தில், முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து நோகலாம். ஓடக்கூடாத நோய் அல்ல அது, ஆனால் சுமையைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி. எப்போதும் இடப்பக்கமே சுற்றுவதால் இடுப்பும் கீழ்முதுகும் ஒருபக்கமாக இறுகும். மெதுவான சுற்றுகளில் வலப்பக்கமும் சுற்ற விடுங்கள்.

இன்னொன்று: காய்ச்சல் இருந்தால் பயிற்சி இல்லை. டெங்கு நகரத்தில் வாழ்கிறோம். காய்ச்சலோடு உடம்பு நோவுக்கு இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், பரசிட்டமோல் மட்டும். டெங்கு வந்து தேறிய பிள்ளையை வைத்தியரைக் கேட்காமல் விழுகிற விளையாட்டுக்கு அனுப்பக் கூடாது.

படி 7: விழுந்த பிறகு

ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் பாதையை நிறுத்துங்கள், பின்னால் வருபவர் மோதுவதைத் தடுங்கள். பிள்ளை தானாக எழும்பட்டும். கழுத்து நோகிறது, கைகால் விறைக்கிறது என்றால் அசைக்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தோல் உரசலுக்கு ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும். மண், கல் எல்லாம் போகும்வரை கழுவ வேண்டும், பிள்ளை கத்தினாலும். மஞ்சளும் கோப்பித் தூளும் குசினியிலேயே இருக்கட்டும். ஒட்டாத துணி வைத்துக் கட்டி, ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

மணிக்கட்டு வீங்கினால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். ஒரு தடித்த சஞ்சிகையைச் சுருட்டி அதில் கையை வைத்துக் கட்டி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து எக்ஸ்ரேக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. விரல் அசைவது முறிவு இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. பெருவிரலின் அடியில் உள்ள பள்ளத்தை அழுத்தும்போது நோகிறதா என்று பாருங்கள். அங்குள்ள சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். நோ தொடர்ந்தால் 10 முதல் 14 நாளில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

தலையில் அடி பட்டால் அன்று ஓட்டம் முடிந்தது. "எனக்கு ஒண்டுமில்ல அம்மா" என்றாலும்தான். நினைவு தப்பாமலே மூளை அதிர்ச்சி வரும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், இரட்டையாகத் தெரிதல், குழப்பம் இருந்தால் உடனே வைத்தியசாலை.

படி 8: திரும்பி வருதல்

தலை அடி என்றால் முதல் 24 முதல் 48 மணித்தியாலம் அமைதி. படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை, வீட்டுக்குள் நடக்கலாம், ஃபோனும் டிவியும் குறைவாக. அப்புறம் முதலில் பாடசாலை, பிறகே விளையாட்டு. நடை, மெல்லிய ஓட்டம், தனியாக ஸ்கேட்டிங், குழுப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. கூட்டமாக ஓடுவதற்கு முன் வைத்தியரின் அனுமதி.

முறிவு என்றால் மாவுக்கட்டு அவிழ்த்த நாள் ஓடத் தயாரான நாள் அல்ல. அடிபட்ட கையால் மறுகையைப் போல அழுத்திப் பிடிக்கவும், சுவரில் ஊன்றித் தள்ளவும் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தாலும் முதல் நாள் புல்லில் விழும் பயிற்சியோடுதான் தொடங்க வேண்டும். என் மகனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஓடுவதற்குப் பயப்படவில்லை, அந்தக் கையை நம்பி விழுவதற்குப் பயந்தான். மூன்று பின்னேரம் புல்லில் வெறுமனே உட்கார்ந்திருந்தான், நாலாவது பின்னேரம் விழுந்தான்.

படி 9: ஒரு கொப்பி

40 பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். யார், என்ன நேரம், எந்த இடம், என்ன செய்துகொண்டிருக்கும்போது, கவசம் இருந்ததா என்று காயமில்லாத விழுகையையும் ஒற்றை வரியில் எழுதுங்கள். பெயர் போட்டுக் குற்றம் சாட்டுவதற்கல்ல. பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறைப்பார்கள். மாதம் ஒருமுறை பயிற்றுவிப்பாளரோடு உட்கார்ந்து வாசியுங்கள். எங்கள் கொப்பியில் முதல் மாதமே ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: குழாயடி. இப்போது குழாயைப் பூட்டிவிட்டோம். தண்ணீர்ப் போத்தல்கள் ஸ்கேட் கழற்றும் வாங்குக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் மட்டும் கையெட்டும் உயரத்தில் இருக்கின்றன.